இராயப்பர் முகம்

தூத்துக்குடி
3 பிப்ரவரி 1975

செல்வி அற்புதமணி அவர்களுக்கு,

நலம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை.

என் கணவர் தோணித் தண்டல் பாஸ்கல் மோத்தாவின் நினைவாக எங்கள் கடற்கரைச் சிற்றாலயத்துக்கு நீங்கள் செய்து கொடுத்த வண்ணக் கண்ணாடிச் சன்னலில், கடல்மேல் நடந்த அப்போஸ்தலர் இராயப்பரின் முகம் போய்விட்டது. உடையவில்லை. விரிசல் இல்லை. முகம் இருந்த இடத்தில் வெளுத்த மஞ்சள் கண்ணாடி மட்டும் இருக்கிறது. தலைமுடி இருக்கிறது, புருவம் இருக்கிறது. கீழே அலை இருக்கிறது. ஆண்டவர் நீட்டிய கையும், அந்தக் கை பிடித்திருக்கும் இராயப்பரின் மணிக்கட்டும் அப்படியே இருக்கின்றன. முகம் இல்லை.

சன்னல் பொருத்தியது டிசம்பர் 21. இன்றோடு நாற்பத்து நான்கு நாள். என் வீட்டில் நான் பின்னிய லேஸ் பூ இருபது வருஷம் நிற்கிறது.

உங்களுக்கு நினைவிருக்கும். முதலில் நீங்கள் அனுப்பிய மாதிரிப் படத்தில் முகமே இல்லை. நீலத் துண்டுகளும் ஒரு வெள்ளைக் கையும். இக்காலக் கண்ணாடிக் கலைஞர்கள் முகம் வரைவதில்லை, ஒளியே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். ஒளி எங்கள் ஊருக்கு தினமும் வருகிறது, அதற்கு நான் சென்னைக்கு எழுத வேண்டியதில்லை, எனக்கு இராயப்பரின் உடம்பில் என் கணவரின் முகம் வேண்டும் என்று பதில் எழுதினேன். அவருடைய ஒரே படத்தை, கொழும்புக்குத் தோணி ஓட்டிப் போவதற்காக எடுத்த பாஸ் படத்தை, நம்பி உங்களிடம் கொடுத்தேன்.

அவர் உடல் கரை சேரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மற்றப் பெண்களுக்கு மெழுகுதிரி ஏற்ற ஒரு கல் இருக்கிறது. எனக்கு இருந்தது அந்த ஒரு சாண் கண்ணாடி.

முகமில்லாத ஆளைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று பங்குச்சாமியார் சொல்கிறார். ஜூன் 29 இராயப்பர் திருநாளுக்குள் சரியாகாவிட்டால் சன்னலை இறக்கிவிட்டுச் சாதாரண மங்கல் கண்ணாடி போடப் போகிறாராம். அந்த நிலைக்கு என்னைக் கொண்டுவந்தது உங்கள் வேலை. பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விக்டோரியா பாஸ்கல் மோத்தா


பெரம்பூர், சென்னை-11
11 பிப்ரவரி 1975

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் கோபம் வந்தது. நான்காம் நாள் எழுதுகிறேன், மரியாதையாக எழுத முடியும் என்ற நம்பிக்கையில்.

கண்ணாடியில் முகம் எழுதுவது சுவரில் சாயம் அடிப்பது மாதிரி அல்ல. இரும்புத்துருவையும் அரைத்த கண்ணாடித் தூளையும் பிசினில் குழைத்து மை செய்கிறோம். முதலில் கோடு. அது சூளையில் வேகும். பிறகு முகம் முழுக்க ஒரு பழுப்பு நிழல் பூசி, காயவிட்டு, வெளிச்சம் வேண்டிய இடத்தில் ஊசியாலும் மூங்கில் குச்சியாலும் அந்த நிழலைச் சுரண்டி எடுக்கிறோம். நெற்றி, மூக்கின் தண்டு, கன்னத்து மேடு எல்லாம் அப்படித்தான் பிறக்கின்றன. மறுபடியும் வேகவைக்கிறோம். அறுநூற்றைம்பது பாகைச் சூட்டில் மையும் கண்ணாடியும் உருகி ஒன்றாகிவிடும். ஜெர்மனியில் நான் இரண்டு வருஷம் கற்ற பட்டறையில் எழுநூறு வருஷத்து முகங்களைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மூக்கு நுனி கூடத் தேயவில்லை.

மழை, உப்புக்காற்று என்று சொல்வீர்கள். பூச்சு இருப்பது சன்னலின் உள்பக்கத்தில். கோயிலுக்குள்ளே மழை பெய்யாது.

ஆகவே உள்ளே நின்று யாரோ கை வைத்திருக்கிறார்கள். சன்னலைச் சுத்தம் செய்தது யார்? எதை வைத்துச் செய்தார்கள்? இதற்கு விடை தெரியாமல் நான் எதுவும் செய்ய முடியாது.

இன்னொன்று. நான் எழுதிய முதல் முகம் அது. வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லி, உங்கள் பிடிவாதத்துக்காக எழுதி, எழுதியபின் எனக்கே பிடித்துப்போன முகம். இழப்பு உங்களுக்கு மட்டும் இல்லை.

அ. அற்புதமணி


தூத்துக்குடி
17 பிப்ரவரி 1975

செல்வி அற்புதமணிக்கு,

என் இழப்பையும் உங்கள் இழப்பையும் ஒரே தட்டில் வைத்து எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் திருப்பி அனுப்ப வழியிருந்தால் அனுப்பியிருப்பேன்.

கோயிலைப் பெருக்குவதும் துடைப்பதும் என் வீட்டு வேலைக்காரி சீனித்தாய். கூப்பிட்டு விசாரித்தேன்.

"ஏளா, சன்னலத் தொட்டியா?"

"தூசி தட்டுனேம்மா. காஞ்ச துணியாலதான்."

"உண்மையச் சொல்லு."

"நான் எதுக்கும்மா பொய் சொல்லுதேன்? எனக்கு அம்புட்டு ஒசரம் எட்டுமா? ஏணிய எடுத்து வைக்கச் சொன்னது நீங்கல்லா, நீங்களே ரோச் தம்பியக் கூப்பிட்டுச் சொன்னிய."

வாய்க்கொழுப்பு. அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். இனி என் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். உருகி ஒன்றாகிவிட்ட மை ஒரு துணிக்கு எப்படிப் போகும்? எழுநூறு வருஷக் கதையை ஜெர்மனிக்காரர்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நாற்பத்து நான்கு நாள் கதை போதும்.

நீங்கள் உடன்குடிப் பக்கத்துப் பிள்ளை. பனங்காட்டில் பிறந்தவர்களுக்குக் கருப்பட்டிப் பாகின் பதம் தெரியும், நெருப்பு தெரியும் என்று நினைத்துத்தான் இந்த வேலையைக் கொடுத்தேன். கடல் தெரியாது என்பதைப் பிறகுதான் கண்டுகொண்டேன். இராயப்பர் கடல்மேல் நடந்தார் என்றுதான் நாங்கள் சிறு வயதிலிருந்து படித்திருக்கிறோம். நீங்கள் எழுதியது நடக்கிறவர் முகம் அல்ல. அதைத் திறப்பு விழா அன்றே சொல்லியிருப்பேன். நீங்கள் சாயங்கால ரயிலுக்கு ஓடிவிட்டீர்கள்.

விக்டோரியா பாஸ்கல் மோத்தா


பெரம்பூர்
1 மார்ச் 1975

அம்மா,

இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்கத்தான் பத்து நாள் பார்த்தேன். முடியவில்லை.

என் சூளைக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். நவம்பர் 28, முகத்துக்கு மூன்றாம் சூடு. மாலை மூன்று நாற்பதுக்கு மின்சாரம் போயிருக்கிறது. அப்போது சூளையின் உள்ளே ஐந்நூற்று அறுபது பாகை. வெட்டு நேரம் ஆறு மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். அன்று முன்னாலேயே வெட்டிவிட்டார்கள். மின்சாரம் திரும்பியபோது சூளை பாதி ஆறியிருந்தது. அப்போதே மறுபடி வைத்தால் கண்ணாடி வெடித்துவிடும். மறுநாள் கண்ணாடியை எடுத்து ஓரத்தில் நகத்தால் கீறினேன். போகவில்லை. இன்னொரு சூடு வைக்க வேண்டும் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே உங்கள் தந்தி ஒட்டியிருக்கிறது. "டிசம்பர் 15க்குள் வராவிட்டால் வேண்டாம்." அந்த வாரத்தில் உங்களிடமிருந்து மூன்று கடிதம், ஒரு தந்தி.

நான் வைக்கவில்லை. அனுப்பிவிட்டேன். புருவமும் முடியும் முதல் சூட்டில் முழுதாக வெந்தவை, அதனால் நிற்கின்றன. கண்ணும் மூக்கும் வாயும், கண்ணுக்குக் கீழே இருந்த நிழலும் மூன்றாம் சூட்டில் வேக வேண்டியவை. அவை அரைவேக்காடு. இது என் தவறு. மன்னிப்புக் கேட்கிறேன்.

கேட்டுவிட்டேன். இனி மற்றதைச் சொல்கிறேன். அரைவேக்காட்டுப் பூச்சும் காய்ந்த துணிக்குப் போகாது. நகத்துக்கே போகவில்லை. அதைவிட வலுவான ஒன்றுக்குத்தான் போயிருக்கிறது. சீனித்தாய்க்கு எட்டாத உயரத்துக்கு ஏணி வைத்தது யார் என்று அவள் உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். அதை நீங்களே எனக்கு எழுதியுமிருக்கிறீர்கள். இருந்தும் அவள் வேலையைப் பறித்துவிட்டீர்கள். இதை எந்தக் கான்வென்டில் சொல்லிக் கொடுத்தார்கள்?

முகத் துண்டை எனக்கு அனுப்புங்கள். சன்னல் முழுவதையும் இறக்க வேண்டாம். துண்டைச் சுற்றியுள்ள ஈயப்பட்டியின் உதட்டை மழுங்கிய கத்தியால் மெதுவாக நெம்பி நிமிர்த்தினால் கண்ணாடி கழன்று வரும். ரோச்சுக்கு அது தெரியும், பொருத்தும்போது என் பக்கத்தில் நின்றான். பஞ்சில் சுற்றி மரப்பெட்டியில் வையுங்கள். என் செலவில் புதிதாக எழுதித் தருகிறேன்.

அற்புதமணி


தூத்துக்குடி
8 மார்ச் 1975

அற்புதமணிக்கு,

ஆக, வேகாத வேலையை வெந்த வேலை என்று சொல்லிக் கோயிலில் மாட்டியிருக்கிறாய். திவ்விய பூசை நடக்கும் இடத்தில். இனி உன்னை 'நீங்கள்' என்று எழுத என் பேனா ஓடவில்லை. என் வயது அறுபத்தெட்டு, உனக்கு என் மகள் வயது, பிழை இல்லை.

நான் அவசரப்படுத்தினேனாம். பத்தாம் ஆண்டு நினைவுப் பூசை பதினோராம் ஆண்டு வராது. முடியாது என்று எழுதியிருந்தால் திட்டியிருப்பேன், காத்திருந்திருப்பேன். திட்டு வாங்கப் பயந்துகொண்டு பொய்யை அனுப்பியிருக்கிறாய்.

உன் கடிதத்தைப் பங்குச்சாமியாரிடம் காட்டினேன். சாமியார் படித்துவிட்டு, "நல்ல பிள்ளையாத்தான் தெரியுது, உண்மையச் சொல்லுதே" என்றார். உண்மையைப் பிந்திச் சொன்னால் அதற்கு வேறு பெயர் என்று நான் சொன்னேன்.

ரோச் நேற்றுக் கண்ணாடியைக் கழற்றினான். என் கொழுந்தன் மகன், சாதுவான பிள்ளை, நேற்று அவனும் என்னிடம் வாய் காட்டினான். "பெரியம்மா, அந்தக்காவ ரொம்பத் திட்டாதிய. அவிய எழுதுன மொகத்தப் பாத்துத்தான் எனக்குப் பெரியப்பா எப்படி இருந்தாருன்னே ஞாபகம் வந்துச்சு" என்றான். அவர் போனபோது அவனுக்கு வயது எட்டு. அவனுக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

பெட்டி பார்சலில் வருகிறது. இந்த முறை நான் சொல்கிறபடி எழுது. இராயப்பர் நடக்கிறார். மூழ்கவில்லை. வாய் மூடியிருக்க வேண்டும். கண்கள் ஆண்டவரை நேராகப் பார்க்க வேண்டும். நெற்றியில் சுருக்கம் கூடாது. பாஸ் படத்தில் இருப்பது போல. முப்பது வருஷம் தோணி நடத்திய தண்டல் தண்ணீரைப் பார்த்து வாயைப் பிளக்க மாட்டார்.

விக்டோரியா பாஸ்கல் மோத்தா


பெரம்பூர்
22 மார்ச் 1975

அம்மா,

பெட்டி வந்தது. கண்ணாடியை வெளிச்ச மேசையில் வைத்து, பூதக்கண்ணாடியில் இரண்டு மணி நேரம் பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறேன்.

ஈயத்துக்கு அடியில் ஒளிந்திருந்த ஓரத்தில் ஒரு நார் ஒட்டியிருந்தது. புளி நார். சாம்பலும் இருக்கிறது. குத்துவிளக்கைத் தேய்ப்பது போல் தேய்த்திருக்கிறார்கள்.

ஆனால் தேய்ப்பதற்கு முன்னால் வேறொன்று நடந்திருக்கிறது. இரண்டு கண்களுக்கும் கீழே, உதட்டின் ஓரங்களில், வெறும் கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சிய பூச்சில், ஊசியால் இழுத்த கீறல்கள். நூற்றுக்கு மேல் எண்ணினேன். ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. ஒன்று கூடப் புருவக் கோட்டைத் தாண்டவில்லை. நிழலை மட்டும், நிழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அங்கே மட்டும் எடுத்திருக்கிறார்கள். தூசி துடைக்கிற கை இப்படிச் செய்யாது. அழுக்கு என்று நினைத்தவர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள். என்னிடம் தொழில் பழகுகிற இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கே இவ்வளவு சீராக வராது. இது லேஸ் பின்னிப் பழகிய கை.

ஒளி வேண்டிய இடத்தில் ஊசியால் எடுப்போம் என்று போன ஆவணியில் உங்களுக்கு முதலில் எழுதியதும் நான்தான். ஆகவே கருவியைக் கொடுத்த குற்றமும் என்னுடையது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவரை ஏன் அழித்தீர்கள்? ஒரு வாரமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கோபத்தைவிட இது பெரிதாக இருக்கிறது.

வாயை மூடச் சொல்கிறீர்கள். மூட மாட்டேன். மூழ்காத ஆளை ஆண்டவர் எதற்காக மணிக்கட்டில் பிடிக்க வேண்டும்? சுவிசேஷத்தை எடுத்துப் படியுங்கள். காற்றைக் கண்டு பயந்தார், அமிழத் தொடங்கினார், கூப்பிட்டார். கூப்பிடுகிறவர் வாய் திறந்துதான் இருக்கும்.

பனங்காட்டில் பிறந்தவளுக்குக் கடல் தெரியாது என்றீர்கள். சரி. என் அப்பா பனையேறி. எனக்கு ஒன்பது வயதில், என் கண் முன்னால், உச்சியில் அவர் காலில் இருந்த தளைநார் அறுந்தது. ஒரு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். பக்கத்து மரத்திலிருந்து சித்தப்பா வந்து இறக்கும் வரை கீழே நின்ற என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கத்தவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. மறுநாள் அதே மரத்தில் ஏறினார். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் அடித்திருப்பேன். பாஸ்கல் ஐயாவின் புருவத்துக்குக் கீழே நான் எழுதியது என் அப்பாவின் வாய். எனக்குத் தெரிந்த தைரியசாலியின் வாய் அது ஒன்றுதான்.

சீனித்தாயைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுங்கள். அதுவரை மை குழைக்க மாட்டேன்.

அற்புதமணி


தூத்துக்குடி
30 மார்ச் 1975

கண்ணாடியைத் திருப்பி அனுப்பு. படத்தையும் அனுப்பு. என் வீட்டு வேலைக்காரி விஷயத்தில் உன் அபிப்பிராயத்தை நான் கேட்கவில்லை. உன் அப்பாவின் வாய் எங்கள் கோயிலில் இருந்தது என்று தெரிந்திருந்தால் இன்னும் ஒரு மாதம் முன்னாலேயே தேய்த்திருப்பேன்.

வி. பா. மோத்தா


பெரம்பூர்
2 மே 1975

அம்மா,

உங்கள் கடைசிக் கடிதத்தில் தேய்த்தது நீங்கள்தான் என்று எழுதிவிட்டீர்கள். கோபத்தில் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

படத்தைத் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கண்ணாடியை அனுப்பவில்லை. சுத்தமாகக் கழுவி வைத்திருக்கிறேன். கண்ணாடிக்குச் சேதம் இல்லை, கீறல் எல்லாம் பூச்சோடு போய்விட்டது.

பிடிவாதம் பிடிக்கிறேன் என்று நினைக்கக் கூடாது என்பதற்காக, வேறொரு துண்டில் நீங்கள் சொன்ன மாதிரியே எழுதிப் பார்த்தேன். மூடிய வாய், நேர்ப்பார்வை, சுருக்கமில்லாத நெற்றி. சன்னலின் முழு அளவு வரைபடத்தின்மேல் வைத்தேன். அலை இடுப்பளவு வந்துவிட்டது, ஆண்டவர் கையைப் பிடித்து இழுக்கிறார், இவர் ஸ்டூடியோவில் படத்துக்கு உட்கார்ந்தவர் போல இருக்கிறார். என் பட்டறையில் வேலை செய்யும் எபனேசர் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, கையப் பிடிச்சிருக்கவர் ஏதோ ஆள் தெரியாமப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றான். அதை அன்றே உடைத்துவிட்டேன்.

திருநாளுக்கு எட்டு வாரம் இருக்கிறது. எழுத ஒரு வாரம், நான்கு சூடு, ஆறவிட, அனுப்ப. மே கடைசிக்குள் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மங்கல் கண்ணாடிதான். அது உங்கள் முடிவு, என்னுடையது இல்லை.

அற்புதமணி


தூத்துக்குடி
20 மே 1975

அற்புதமணி,

கவனித்துத்தான் எழுதினேன். எனக்குத் தெரியாமல் என் கடிதத்தில் ஒரு காற்புள்ளி கூட விழாது.

ஏன் அழித்தேன் என்று கேட்டாய். பதினைந்து நாளாக உன் கடிதம் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. எழுதிவிட்டுத் தூங்கலாம் என்று எழுதுகிறேன். இரக்கத்துக்காக இல்லை. உன் இரக்கம் எனக்கு வேண்டாம்.

சன்னல் திறந்த அன்று பூசை முடிந்ததும் பிலோமினா என் பக்கத்தில் வந்தாள். அவள் புருஷன் என் கணவரின் தோணியில் சுக்கான் பிடித்த சுக்கானி. அவனும் திரும்பவில்லை. அண்ணாந்து பார்த்துவிட்டு, "மயினி, அண்ணன் பயந்துல்லா போயிருக்காவ. பாவம்" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அவளுக்குப் பின்னால் இருந்த பெண்களும் தலையை ஆட்டினார்கள். அந்தத் தோணியில் போன ஏழு பேரின் வீடும் எங்கள் தெருவில்தான் இருக்கிறது.

ஜனவரி கடைசியில் ஏணியை எடுத்துவைக்கச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டேன். கண்ணுக்குக் கீழிருந்த பயத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். ஊசியால் எடுத்தேன். எடுக்க எடுக்க முகம் ஒட்டுப்போட்ட துணி மாதிரி ஆகிவிட்டது. சமமாக்கலாம் என்று புளி போட்டேன். பழுப்பாகக் கையில் வந்தது. நான் நிறுத்துவதற்குள் அவர் போய்விட்டார்.

1964 டிசம்பரில் தோணியில் வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றியாகிவிட்டது. புறப்படும் நாள் காலையில் துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் நின்றார். "காத்து சரியில்ல விக்டோரியா. ரெண்டு நாள் பொறுத்துப் போறேன்" என்றார். நான் பித்தளை விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. "மச்சாது வீட்டுத் தோணி நேத்தே போயாச்சு. மோத்தா தோணி பயந்துபோய்க் கட்டிக் கிடக்குன்னு ஊர் சிரிக்கணுமா?" என்றேன். விளக்கைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். வாய் திறந்தபடி நின்றார். ஏதோ சொல்ல வந்த வாய். சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். மச்சாது தோணி கரை சேர்ந்துவிட்டது. அவர்கள் புயலுக்கு ஒரு நாள் முந்திவிட்டார்கள்.

நீ எழுதியது அந்த வாய். உனக்கு எப்படித் தெரியும் என்று திறப்பு விழா அன்று உன்மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. யாரோ உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். சொல்ல யாரும் இல்லை, முற்றத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். பத்து வருஷமாக ஊரெல்லாம் 'தண்டல் புயலைக் கண்டு அஞ்சாதவர்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அவர் அஞ்சியிருக்கிறார். அஞ்சியது சரி. அதைக் கேட்காதவள் நான். தினமும் முன் பெஞ்சில் உட்கார்ந்து அந்த வாயைப் பார்க்க முடியவில்லை. அதனால் அழித்தேன். போதுமா?

சீனித்தாய் வீட்டுக்கு நானே போனேன். திரும்ப வா என்றேன். "வரமாட்டேம்மா. உப்பளத்துல சேந்துட்டேன். அங்கன வெயில்தான் சுடும், பேச்சு சுடாது. ஒங்க பித்தளைய நீங்களே தேச்சுக்கிடுங்க" என்றாள். கதவை வேறு சாத்தினாள். உன் நிபந்தனையை நான் நிறைவேற்றிவிட்டேன், அவள்தான் நிறைவேற்றவில்லை. இனி மை குழைப்பதில் உனக்குத் தடை இல்லை.

முன்பு எழுதிய மாதிரியே எழுது. ஒரு கோடு மாற்றாதே. அது உன் அப்பாவின் வாயானால் அவருக்கு என் வணக்கத்தைச் சொல். கண்ணுக்குக் கீழே நிழல் இன்னும் கொஞ்சம் கனமாக இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் நீ பயந்து பயந்து பூசியிருந்தாய்.

நான்கு சூடு என்றாய். ஐந்து வை.

விக்டோரியா பாஸ்கல் மோத்தா


பெரம்பூர்
12 ஜூன் 1975

அம்மா,

கண்ணாடி பெட்டியில் இருக்கிறது. நாளை மறுநாள் எபனேசர் ரயிலில் தன் மடியில் வைத்துக்கொண்டு வருகிறான். ஐந்து சூடு வைத்தேன். ஐந்தாவதில் மறுபடியும் மின்சாரம் போனது. திரும்ப முதலிலிருந்து வைத்தேன். ஆகவே ஆறு. புளியோ சாம்பலோ ஊசியோ இனி எதுவும் ஏறாது. நீங்கள் மனம் மாறினால் சுத்தியல்தான் வேண்டும்.

கண்ணுக்குக் கீழே நிழலைக் கனமாக்கியிருக்கிறேன். நீங்கள் சொன்னது சரி. நான் பயந்துதான் பூசியிருந்தேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மாட்டேன். முற்றத்தில் நடந்ததை எனக்கு எழுதினீர்கள். எனக்கு எழுதி என்ன? நான் அந்தத் தெருவில் இல்லை. அந்தத் தோணியில் என் ஆள் யாரும் இல்லை. என்னிடம் சொல்வது உங்களுக்கு எளிது, அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன்.

அற்புதமணி


தூத்துக்குடி
1 ஜூலை 1975

அற்புதமணி,

உன் பையன் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தான். ரோச் மூன்று மணி நேரத்தில் பொருத்திவிட்டான். ஈயப்பட்டியின் ஒரு மூலையில் கத்தி பட்டிருக்கிறது, கீழிருந்து பார்த்தால் தெரியாது. எனக்குத் தெரிகிறது.

உன் கடைசிக் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவ்வளவு கோபம். எனக்கு எழுதி என்ன என்று கேட்க நீ யார் என்று பதில் எழுதி, கிழித்துப் போட்டேன்.

நேற்று முன்தினம் திருநாள். பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. பிலோமினா போகவில்லை. சன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். காலை வெயில் முகத்தில் நேராக அடித்தது.

"மயினி, திரும்பவும் அதே மொகந்தானா? கண்ணாடிக்காரி மாத்தித் தரலையா?"

"நான்தான் அதே மாதிரி வேணும்னு சொன்னேன்."

"அண்ணன் பயந்த மாதிரில்லா இருக்கு."

"பயந்தாவ. அன்னைக்குப் போவேண்டாம், ரெண்டு நாள் பொறுப்போம்னு சொன்னாவ. நான்தான் ஊர் சிரிக்கும்னு சொல்லி அனுப்புனேன்."

அவள் மறுபடியும் சன்னலை அண்ணாந்து பார்த்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு, "எம் புருசனக் காப்பாத்தலன்னு பத்து வருசமா அந்தோணியாரத் திட்டிக்கிட்டு இருக்கேன் மயினி. மெழுகுதிரி கூட வைக்கல அவருக்கு" என்றாள். குரல் உயரவில்லை. "ஆள் மாறிப்போச்சே."

நான் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். கதவு பக்கத்தில்தான் இருந்தது. அவள் இன்னும் சொல்வாள் என்று தெரிந்ததால் முன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். சொன்னாள். கோயில் என்றும் பார்க்கவில்லை, வயது என்றும் பார்க்கவில்லை. அவள் சொன்னதை உனக்கு எழுத மாட்டேன். அத்தனையும் நியாயம்.

விக்டோரியா